நேரம் எழுதாத டியூப்

சென்ற மாதம் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. நான் வேலை செய்த மருத்துவமனை ஆய்வகத்தில் இப்போது இருக்கும் இரண்டு பெண்கள் அனுப்பியது. அங்கே புதிய கணினி முறை வந்துவிட்டதாம். இரத்தம் எடுத்த நேரத்தைத் தட்டச்சு செய்யாவிட்டால் டியூபில் ஒட்டும் சீட்டே அச்சாகாதாம். "அக்கா, இனிமே ரிஜெக்ட் பண்ண வேலையே இல்ல லா. நீங்க எவ்ளோ கண்டிப்பா இருந்தீங்கன்னு சீனியருங்க எல்லாம் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தார்கள்.

மலர் என்பது இந்த வட்டாரத்தில் சுகாதாரத் துறையில் வேலை செய்யும் தமிழர்கள் ஆண்டுக்கொரு முறை வெளியிடும் தொகுப்பு. தாதியர், மருந்தகப் பணியாளர், ஆய்வகத்தார் எல்லாரும் படிப்பது. அதில் பணி ஓய்வு பெற்றோருக்கு ஒரு பகுதி உண்டு. எனக்கு முப்பத்தாறு வயது. பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்து, ஈராண்டுக்கு முன் விலகியவளை அந்தப் பகுதியில் போடுவது சரியா என்று கேட்டேன். "வேற பக்கம் எல்லாம் ஃபுல் அக்கா" என்று பதில் வந்தது.

எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் வழக்கம். இந்தக் கட்டுரைக்கும் ஏழு தலைப்புகள் எழுதினேன். அவற்றில் ஆறு என்னை நல்லவளாகக் காட்டின. அவற்றை விட்டுவிட்டு ஏழாவதை எழுதுகிறேன். என் கண்டிப்பால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. அதற்கான பழியை இன்னொரு பெண் சுமந்தார். நான் பாராட்டு வாங்கினேன். எழுத வேண்டியது இவ்வளவுதான். ஆனால் எப்படி நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் படிப்பவர்கள் என்மீது இரக்கப்படக்கூடும்.

பயிற்சிக் காலம் மூன்று ஆண்டு. அதில் சொல்ல ஒன்றுதான் உண்டு. மாஸ்ட் செல்லை நான் முதலில் கண்டது அப்போது. தோலிலிருந்து சீவிய மெல்லிய துண்டில் டொலுடின் நீலம் என்ற சாயத்தை ஊற்றினால் மற்ற செல்கள் நீலமாக நிற்கும். மாஸ்ட் செல் மட்டும் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறும். உள்ளே பொட்டுப் பொட்டாகத் துகள்கள் அடைத்துக் கிடக்கும். தோல், மூச்சுக்குழாய், குடல் என வெளியுலகம் நம் உடம்பைத் தொடும் இடங்களில் எல்லாம் இந்தச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வாமை உள்ளவருக்கு, ஒரு பொருளை எதிர்ப்பதற்கென்றே உண்டான எதிர்ப்புப் புரதம் இந்தச் செல்லின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் பொருள் வந்து தொட்டதும் செல் தன் துகள்களை ஒரே மூச்சில் வெளியே கொட்டிவிடும். தோலில் மட்டும் கொட்டினால் தடிப்பும் அரிப்பும். உடம்பு முழுக்கக் கொட்டினால் இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு அடைத்து, சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றின் காவலாளி வந்தார். எட்டு மாதமாகத் தினமும் மாலையில் உடம்பெல்லாம் தடிப்பு. இறால், முட்டை, கத்தரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துவிட்டார். எங்கள் சோதனைகளில் எந்த உணவும் காரணமாக வரவில்லை. பிறகு தோல் மருத்துவர் சொன்னபடி அவருடைய இரத்தத்தையே எடுத்து, சுழற்றி, அதன் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மருத்துவர் அதில் ஒரு துளியை அவர் முன்கையில் ஊசியால் செலுத்தினார். அரை மணி நேரத்தில் அந்த இடம் கொசுக்கடிபோலத் தடித்தது. அவருடைய உடம்பே தன் மாஸ்ட் செல்களுக்கு எதிரான எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. தன்னைத்தானே தாக்கும் நோய்களில் இதுவும் ஒரு வகை.

"அப்ப என் ரத்தமே எனக்கு ஒத்துக்கலயா?" என்று கேட்டார்.

"அந்த மாதிரிதான் அண்ணே."

தடித்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப கருவாடு மேல தப்பு இல்ல. எட்டு மாசமா சும்மா பட்டினி கெடந்திருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து மாஸ்ட் செல் தொடர்பான சோதனைகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. அவற்றில் ஒன்று டிரிப்டேஸ். மாஸ்ட் செல் கொட்டும் பொருள்களில் ஹிஸ்டமின் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். டிரிப்டேஸ் சற்று நிற்கும். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு தடவை பாதியாகக் குறையும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். எனவே எடுத்த நேரம் தெரியாத டிரிப்டேஸ் எண்ணை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் ஆய்வகத் தலைவர் மேடம் ஜெசிந்தா. சாஆ என்ற ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசகம் வாசிப்பவர். அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், காலை ஏழே முக்காலுக்கு நின்றபடியே முந்தைய நாள் நாங்கள் நிராகரித்தவற்றின் பட்டியலை வாசிப்பார்.

"மூணாவது மாடி. பேர் இல்லாத மூத்திரம், ஒன்னு. யாரோ அன்பளிப்பா அனுப்பியிருக்காங்க. அஞ்சாவது மாடி. ஒரே ஆளுக்கு ரெண்டு ரத்த வகை. காலையில ஒரு ஆளு, சாயந்தரம் வேற ஆளு போல."

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பேர் இல்லாத புள்ளைக்கு நாம பேர் வைக்கக் கூடாது. போய் வேலையப் பாருங்க" என்பார். அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்னால், தொலைபேசியில் சொன்ன பெயரை நம்பி ஒருவர் டியூபில் எழுதப்போய், இரண்டு நோயாளிகளின் முடிவுகள் மாறிப் போயிருந்தன. அதற்குப் பிறகு மேடம் கொண்டுவந்த விதி இது: பெயர், எண், மூடியின் நிறம், எடுத்த நேரம், எடுத்தவர் கையெழுத்து ஆகிய ஐந்தில் ஒன்று குறைந்தாலும் சிவப்புச் சீட்டு. தொலைபேசியில் எதையும் திருத்தக் கூடாது. எடுத்தவரே இறங்கி வந்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் அழைப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

விதியில் இல்லாத ஒரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. மாதக் கடைசியில், யார் எத்தனை டியூபைப் பிடித்தார் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவோம். அதிகம் பிடித்தவர் கூர்மையானவர். பெரும்பாலும் என் பெயர்தான் மேலே இருக்கும். அதை நான் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்ட மாதங்களும் உண்டு.

அந்த டியூப் வந்தது ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றே கால் மணிக்கு. அடுத்த வாரம் தரச் சான்றிதழுக்கான தணிக்கையாளர்கள் வருவதாக இருந்ததால் எல்லாரும் கோப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தோம். நோயாளியின் பெயர் இந்திராணி, வயது நாற்பத்தாறு. பக்கத்து ஊரான மாசாயைச் சேர்ந்தவர். பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை. மயக்க மருந்தும், கத்தி வைப்பதற்கு முன் கொடுக்கும் ஆன்டிபயாடிக் ஊசியும் அடுத்தடுத்துப் போட்டதும் இரத்த அழுத்தம் சரிந்து, அறுவை நிறுத்தப்பட்டது. தடிப்பு எதுவும் தெரியவில்லை. ஒவ்வாமையாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் டிரிப்டேஸ் கேட்டிருந்தார்கள். பெயர் சரி, எண் சரி, மூடி சரி, கையெழுத்து சரி. நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

வந்தவுடன் டியூபுகளைச் சுழற்றிவிட்டுத்தான் படிவத்தைப் பார்ப்போம். அதனால் சீரம் ஏற்கெனவே பிரிந்து, வைக்கோல் நிறத்தில் தெளிவாக மேலே நின்றது. சிவப்புச் சீட்டை ஒட்டி, கணினியில் காரணத்தைப் பதிந்தேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி ஒலித்தது.

"லேப்பா? இந்திராணின்னு ஒரு டியூப் ரிஜெக்ட்டுன்னு காட்டுது. என்ன பிரச்சனை?"

"எடுத்த நேரம் எழுதல சிஸ்டர்."

"அலமாக்… நேரம் பத்தே முக்கால். ஊசி போட்டது ஒம்பதே முக்கால், போட்ட உடனே பிரஷர் விழுந்திருச்சு. நான்தான் ரத்தம் எடுத்தேன். எழுதிக்கங்க."

"ஃபோன்ல சொன்னா எழுத முடியாது. நீங்க கீழ வந்து எழுதி சைன் வைக்கணும்."

"எப்படி வர்றது? பேஷண்ட் கூட ஐ.சி.யூ.ல நிக்கிறேன். இப்பதான் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

"அப்ப புது டியூப் அனுப்புங்க சிஸ்டர்."

மறுமுனையில் யாரோ எதையோ கேட்க, அவர் மலாயில் பதில் சொன்னது கேட்டது. பிறகு மறுபடியும் என்னிடம், "புதுசு எடுத்தா, இதே மாதிரி ரிசல்ட் வருமா?" என்றார்.

அவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். நேரமாக ஆக எண் குறைந்துகொண்டே போகும் என்று சொல்ல ஐந்து விநாடி போதும். "அத டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க" என்று சொன்னேன்.

வைத்துவிட்டார். டியூபுகளைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் நின்று மணி அடித்தது, எழுந்து போனேன். திரும்பி வந்து அந்த அழைப்பைப் பதிவேட்டில் எழுதவில்லை.

புது டியூப் அன்று வரவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தது, நேரம் எழுதி. நிராகரித்த டியூபுகளை உடனே எறிவதில்லை. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு ரேக்கில் ஏழு நாள் வைத்திருப்போம். டிரிப்டேஸ் குளிரில் கெடாது. அன்று வியாழன், வாரத்தில் இரண்டு தடவை அந்தச் சோதனையை ஓட்டும் நாள்களில் ஒன்று. இரண்டாவது டியூபைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு வினைப்பொருளை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். முதல் டியூப் முன்வரிசையில் இருந்தது. ஒரே பெண்ணின் இரத்தம். ஒன்று, செல்கள் கொட்டிய ஒரு மணி நேரத்தில் எடுத்தது, மற்றொன்று எல்லாம் அடங்கியபின் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் விடை பளிச்சென்று தெரிந்துவிடும். பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது.

அன்றைய வேலைப் பட்டியலில் நான்காவது வரியாக, "இந்திராணி, முதல் டியூப், மேடமிடம் கேட்க" என்று எழுதினேன். எழுதியதோடு சரி. மேடம் தணிக்கைக் கோப்புகளுக்கு நடுவே இருந்தார். நிராகரித்த டியூபை ஓட்டினால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். அடுத்த வாரம் தணிக்கையாளர் கண்ணில் படுவது அந்த விளக்கமாகத்தான் இருக்கும். அதன் கீழே என் பெயர் இருக்கும். மாலையில் பட்டியலை முடிக்கும்போது நான்காவது வரியின் மேல் கோடு போட்டேன். செய்து முடித்த வேலைக்குப் போடும் அதே கோடு.

இரண்டாவது டியூபின் எண் நான்கு. பதினொன்றுக்குக் கீழே இருந்தால் இயல்பு. முடிவை அனுப்பிய பிறகு வார்டிலிருந்து ஓர் இளம் மருத்துவர் அழைத்தார். அந்த அழைப்பைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

"அக்கா, இந்திராணி டிரிப்டேஸ் நார்மல்தானே?"

"நார்மல் டாக்டர்."

"ஓகே. அப்ப அலர்ஜி இல்ல போல. ஹார்ட் பாக்கச் சொல்லிடறேன். தேங்க்ஸ்கா."

இது மறுநாள் எடுத்தது டாக்டர் என்று நான் சொல்லவில்லை.

ஏழாம் நாள் ரேக்கைக் காலி செய்யும் முறை என்னுடையது. டியூபுகளை ஒவ்வொன்றாக எண் பார்த்து, மஞ்சள் பையில் போட்டு, கழிவுப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். அதே நாளில் தணிக்கையாளர்கள் எங்கள் நிராகரிப்புப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்கை வேறெங்கும் கண்டதில்லை என்றார்கள். மேடம் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கி வந்தார். "கோமதி ரெண்டு எடுத்துக்க. ஒன்னு உனக்கு, இன்னொன்னு உன் சிவப்புச் சீட்டுக்கு" என்றார். எடுத்துக்கொண்டேன்.

இந்திராணிக்கு இதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி, மூன்று வாரம் கழித்து மறுபடியும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்தைப் பார்த்துப் பார்த்துக் குறைத்துக் கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் ஊசியை மாற்றவில்லை. மாற்ற அவர்களுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அந்த ஊசிதான் காரணம் என்று பிறகு தோல் சோதனையில் தெரிந்தது. இந்த முறை அவருடைய இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தி மீட்டார்கள்.

அன்று வந்த டியூபின் படிவத்தில் நேரம் பெரிய எழுத்தில் எழுதப்பட்டு, சுற்றிலும் இரண்டு வட்டம் போடப்பட்டிருந்தது. கையெழுத்து முதல் படிவத்தில் இருந்ததேதான். பெயர் இந்திராணி. அந்தச் சோதனையை நானே ஓட்டினேன். நாற்பத்தேழு வந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் அமர்ந்தார்கள். வெளியே நடைபாதையில் ஒரு நீளப் பெஞ்சு. என் பக்கத்தில் ஒரு தாதி கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் பரமேஸ், இரண்டு தடவையும் இரத்தம் எடுத்தவர். முகம் வெளுத்திருந்தது. "தண்ணி வேணுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவர் முதலில் உள்ளே போனார், பிறகு நான். நிராகரித்தது விதிப்படியா என்றார்கள். விதிப்படி என்றேன். எடுத்த நேரம் எழுத்தில் வந்ததா? வரவில்லை. யாராவது இறங்கி வந்தார்களா? இல்லை. கடைசியாக, நேரத்தைத் தொலைபேசியில் சொன்னதாகவும் ஆய்வகத்தில் ஒரு பெண் பேசியதாகவும் தாதி சொல்கிறாரே, அப்படி அழைப்பு வந்ததா என்று கேட்டார்கள்.

"எங்க பதிவேட்டுல அப்படி எதுவும் இல்ல" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அன்றைய பக்கத்தில் இருபத்திரண்டு அழைப்புகள், என் அழகான கையெழுத்தில். அந்த அழைப்பு இல்லை. பரமேஸ் எழுத மறந்தது ஒரு நோயாளியின் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில். நான் எழுதாமல் விட்டது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

ஆய்வகத்தின் மேல் குறையில்லை என்று முடிவானது. பரமேஸுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவரை ஆப்பரேஷன் அறையிலிருந்து வெளிநோயாளர் முகப்புக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் விலகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நேரம் எழுதாத தாதி என்று அவர் கதை எங்கள் பயிற்சிக் கூட்டங்களில் சொல்லப்பட்டது. இரண்டு கூட்டங்களில் அதைச் சொன்னவள் நான்.

உடனே மனம் கேட்காமல் வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். அதற்குப் பிறகும் பதினான்கு மாதம் வேலை பார்த்தேன். விலகுவதற்கு முந்தைய வாரம்தான் மேடமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"நீ அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, அந்த டியூப நானே ஓட்டியிருப்பேன்."

"நேரம் இல்லாத டியூப எப்படி மேடம்?"

"திரும்ப எடுக்க முடியாத சாம்பிளா இருந்தா, என்ன குறைன்னு எழுதிட்டு ஓட்டலாம். நம்ம விதிக் கையேட்டுல பதினொன்னாவது பக்கம். அந்தக் கையேட்ட டைப் பண்ணதே நீதான் கோமதி."

உண்மைதான். நான்தான் தட்டச்சு செய்தேன். முதுகுத்தண்டு நீர், அறுத்தெடுத்த திசு என்று எடுத்துக்காட்டும் போட்டிருந்தேன். இரத்தத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எல்லாருடைய எண்ணம். டிரிப்டேஸுக்கு அப்படியல்ல என்று அறிந்திருந்த ஒரே ஆள் அந்தக் கையேட்டைத் தட்டச்சு செய்த ஆள்.

"நான் வாசிச்ச பட்டியல்ல அந்தப் பேரும் இருந்திருக்கு. எனக்கும் ஒன்னும் தோணல" என்றார் மேடம். பிறகு, "ஃபோன் விஷயத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட போய் சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது" என்று எழுந்து போய்விட்டார்.

போக எனக்கு இன்னும் ஓராண்டு ஆனது. மாசாயில் இந்திராணியின் வீடு வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. வாசலில் ஒரு வேன். அந்த வேனில்தான் அவர் பத்தாண்டுக்கு மேலாகப் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இதயம் நின்றபோது மூளைக்கு இரத்தம் போகாததால் இப்போது இடதுகை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. கணவர் ஓட்டுகிறார், இவர் பக்கத்து இருக்கையில்.

"ஓட்டத்தான் முடியல, ஏச முடியுது. அந்தாளு ரவுண்டபவுட்ல நுழையறதப் பாத்தா எனக்கு நின்ன ஹார்ட்டு இன்னொரு தடவ நின்னுரும்" என்று சிரித்தவர், "ஆமா, நீ யாரும்மா?" என்றார்.

சொன்னேன். ஆய்வகம், முதல் டியூப், தொலைபேசி, பதிவேடு, விசாரணை என்று வரிசையாக. உள்ளே விசில் அடித்த குக்கரை யாரோ இறக்கி வைத்தார்கள்.

"அந்த டியூபு எத்தன நாள் உங்ககிட்ட இருந்துச்சு?"

"ஏழு நாள்."

"ஏழு நாளு" என்றார். வலதுகையால் இடதுகை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். "அந்த நர்ஸ் புள்ள இங்க வந்துச்சு. ஆரஞ்சு பழம் வாங்கிக்கிட்டு. வாசல் கேட்டத் தொறக்காமயே வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பிட்டேன். உன்னாலதான்டி என் கை போச்சுன்னு. இந்தத் தாமான் வீடுங்களுக்கெல்லாம் கேட்டுச்சு."

பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"நீ என்ன வாங்கிட்டு வந்த?"

"ஒன்னும் வாங்கலக்கா."

"நல்லதாப் போச்சு. காடி ஓட்டிக்கிட்டுதான வந்த? அந்த நர்ஸ் புள்ள வீட்டுக்கு என்னக் கூட்டிட்டு போ. அது நம்பர் என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு."

பரமேஸ் பாசிர் கூடாங்கில் ஒரு அடுக்குமாடியில் நான்காம் மாடியில் இருந்தார். லிஃப்ட் இல்லை. இந்திராணி வலதுகையால் கம்பியைப் பிடித்து ஏறினார். நான் தாங்கப்போனபோது, "தொடாத. நீ முன்னால போ. பின்னால விட்டா ஓடிருவ" என்றார்.

கதவைத் திறந்த பரமேஸ் இந்திராணியைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். "பயப்படாத. இந்தப் பொண்ணு ஏதோ சொல்லணுமாம். அது முடிச்சதும் நான் ஒன்னு சொல்லணும்" என்றார் இந்திராணி.

அந்தத் தொலைபேசியை எடுத்தவள் நான் என்றேன்.

"தெரியும்" என்றார் பரமேஸ். "வெளிய பெஞ்சில தண்ணி வேணுமான்னு கேட்டீங்களே. அப்பவே குரல் தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் என்னக் காட்டிக் குடுக்கல?"

"எனக்கு அடுத்து நீங்கதான உள்ள போறீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

இந்தச் சொற்களை நான் இங்கே அப்படியே எழுதியிருக்கிறேன். கூட்டவோ குறைக்கவோ இல்லை.

இந்திராணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் பரமேஸ் அவருடைய இடதுகையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிசியோ போறீங்களா? பந்து அமுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார். "எங்க அமுக்கறது, அந்தாளு கூட சண்ட போடவே நேரம் பத்தல" என்றார் இந்திராணி, கையை விலக்காமல். இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றேன்.

மறுவாரம் மருத்துவமனைக்கு எழுதினேன். விசாரணை முடிந்துவிட்டது, தகவலுக்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பரமேஸின் கோப்பில் அந்த எச்சரிக்கைக் கடிதம் அப்படியே இருக்கிறது. அவர் இப்போது பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவரைக் கவனக்குறைவான தாதி என்று கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்த மலரைப் படிப்பவர்கள். அதனால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். கட்டுரையில் பெயரை மாற்றட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "மாத்தாதீங்க. ஏச்சு வாங்குனது இந்தப் பேருதான்" என்றார்.

தொகுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீளம் என்று குறைக்க நேர்ந்தால் காவலாளியை வெட்டுங்கள், மாஸ்ட் செல் விளக்கத்தை வெட்டுங்கள், என் வயதையும் பன்னிரண்டு ஆண்டையும் வெட்டுங்கள். கீழே உள்ளதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

இந்திராணியின் முதல் டியூபுக்குரிய நேரத்தைத் தாதி பரமேஸ் அன்றே, டியூபை நிராகரித்த பத்து நிமிடத்தில், தொலைபேசியில் சொன்னார். புது டியூபில் அதே முடிவு வருமா என்றும் கேட்டார். அழைப்பை எடுத்தவள் நான். பதிவேட்டில் எழுதாதவளும், விசாரணையில் மறைத்தவளும் நானே.

கோமதி
முன்னாள் ஆய்வகத் தொழில்நுட்பர்